இரட்டையரும் ரசிகரும்: ஊவாத் தோட்டங்கள் கேட்ட மெல்லிசை

இருவர் சேர்ந்து இசை படைத்துப் புகழ் பெற்றுப் பின்னர் பிரிந்துபோனால், அவர்களைப் பற்றி எழும் முதற் கேள்வி 'இருவரில் யார் பெரியவர்?' என்பதாகவே இருக்கிறது. இது நமது மண்ணுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. 2023ஆம் ஆண்டு ஜூலையில் 'வாம்!' என்ற பிரித்தானிய பொப்பிசை இரட்டையரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கிறிஸ் ஸ்மித் இயக்கிய படம் அது. ஜோர்ஜ் மைக்கேலும் அன்ட்ரூ ரிஜ்லியும் பாடசாலைத் தோழர்கள். 1980களின் முற்பகுதியில் உலகப் புகழ் பெற்று, 1986 ஜூன் 28ஆம் திகதி இலண்டன் வெம்ப்ளி அரங்கில் இறுதிக் கச்சேரியை நடத்திவிட்டுப் பிரிந்தவர்கள். 2016 நத்தார் தினத்தில் மைக்கேல் காலமானார். படம் வெளிவந்ததும் ரசிகர்கள் பேசியது பெரும்பாலும் ஒரு விடயத்தைத்தான். 'பாட்டெழுதியவரும் பாடியவரும் மைக்கேல்; ரிஜ்லி சும்மா பக்கத்தில் நின்றவர்' என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த கதை பிழை என்றும், ரிஜ்லி இல்லாமல் மைக்கேல் மேடையேறியிருக்கவே மாட்டார் என்றும் ஒரு சாரார் மகிழ்ந்தனர். படம் இனிமையான பகுதிகளை மட்டும் காட்டிக் கசப்பைத் தவிர்த்துவிட்டது என்று மறு சாரார் குறைபட்டனர்.

அந்தப் படத்தில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. ரிஜ்லியின் தாயார் மகனைப் பற்றி வந்த செய்தித் துணுக்குகளையும் படங்களையும் வெட்டி ஒட்டிப் பல பெரிய கொப்பிகளாகச் சேர்த்து வைத்திருந்தார். படத்தின் முதுகெலும்பே அந்தக் கொப்பிகள்தான். வீட்டில் ஒரு தாய் காத்து வைத்த காகிதங்கள் இல்லையென்றால் அந்த வரலாறு அவ்வாறு சொல்லப்பட்டிருக்காது. ஆசிரிய கலாசாலையில் எமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் 'மூலம் இல்லையேல் வரலாறு இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அரச ஆவணங்களும் கல்வெட்டுகளுமே மூலங்கள் என்றுதான் அன்று நாம் விளங்கிக்கொண்டோம். பசையும் கத்தரிக்கோலும் கொண்டு வீட்டில் உருவாகும் மூலங்களும் உண்டு.

இதே இரட்டையரைப் பற்றி வேறொரு படமும் உண்டு. 1985 ஏப்ரலில் அவர்கள் சீனாவுக்குச் சென்று பெய்ஜிங்கில் கச்சேரி செய்தார்கள். அப்பயணத்தைப் படமாக்க லிண்ட்சே அன்டர்சன் என்ற புகழ்பெற்ற இயக்குநர் அமர்த்தப்பட்டார். அவர் தொகுத்த வடிவத்தில் இரட்டையரைவிடச் சீன மக்களுக்கும் அவர்களது நகரத்துக்கும் அதிக இடம் இருந்தது. அவ்வடிவம் ஏற்கப்படவில்லை. அன்டர்சன் விலக்கப்பட்டு, பாடகர்களை மையமாக வைத்து வேறு விதமாகத் தொகுக்கப்பட்ட படமே 1986இல் வெளியானது. கேட்டவர்களைக் காட்டிய படம் பெட்டிக்குள் போயிற்று. பாடியவர்களைக் காட்டிய படம் திரைக்கு வந்தது. இந்தச் சம்பவத்தை அறிந்தபோது எனக்கு நமது இரட்டையரும், அவர்களைக் கேட்ட நமது ஊவா மாகாணத் தோட்ட மக்களும் நினைவுக்கு வந்தனர். இக்கட்டுரை அந்தக் கேட்டவர்களைப் பற்றியது.

நமது இரட்டையர்

எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர். ரி.கே. ராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் இசைக் குடும்பமொன்றில் பிறந்தவர், வயலின் வித்தகர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் பணிபுரிந்தனர். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே திடீரென மறைந்தபோது, அவர் முடிக்காது விட்ட படங்களை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு இவர்களிடம் வந்தது. இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் இணைந்து இயங்கியதைப் போலத் தாமும் இணைந்து இசையமைப்பது என்று முடிவெடுத்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' (1952) இவர்களது பெயர் தாங்கி வந்த முதற் படம். வயதில் மூத்த ராமமூர்த்தியின் பெயர் ஏன் இரண்டாவதாக வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. இளையவர் முன்னால் நிற்கட்டும், மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணரே வரிசைப்படுத்தினாராம்.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் இவர்கள் செய்தவற்றைப் பட்டியலிட்டால் இதழின் பக்கங்கள் போதா. பாகப்பிரிவினை (1959), பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் (மூன்றும் 1961), ஆலயமணி, நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி (நான்கும் 1964), எங்க வீட்டுப் பிள்ளை, ஆயிரத்தில் ஒருவன் (1965) என்று சிலவற்றைச் சொன்னாலே போதும். 1963 ஜூனில் சென்னையில் நடந்த விழாவில் நடிகர் சிவாஜி கணேசன் இவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை வழங்கினார். கர்நாடக இராகத்தின் அடித்தளத்தைக் கைவிடாமல், மேலைத்தேய வாத்தியங்களைச் சேர்த்து, சொல் தெளிவாகக் கேட்கும்படி பாட்டை இலகுவாக்கியது இவர்களது சாதனை. நீண்ட ஆலாபனையும் கடினமான சங்கதியும் குறைந்தன. ஒரு தடவை கேட்டவர் மறுநாள் முணுமுணுக்கலாம் என்ற நிலை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் நான்கைந்து தடவை கேட்டாலே முழுப் பாட்டையும் மனனம் செய்துவிடலாம். நமது மலையகத்தில் இது சிறிய விடயமன்று.

அலைவழி வந்த இசை

இந்த இசை சென்னையிலிருந்து பசறைக்கும் மடுல்சீமைக்கும் எப்படி வந்தது? சினிமாக் கொட்டகை வழியாக என்று பலர் எண்ணக்கூடும். கொட்டகைகள் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் இருந்தன. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து படம் பார்ப்பது சம்பள நாளிலோ தீபாவளிக்கோ நடக்கும் காரியம். படங்களும் இங்கு சுணங்கியே வந்தன. பாட்டு முன்னால் வந்தது. படம் பின்னால் வந்தது. பாட்டை முன்னால் கொண்டுவந்தது வானொலி.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படையினருக்காகப் பிரித்தானியர் கொழும்பில் வலுவான சிற்றலை வானொலி ஒன்றை நிறுவினர். போர் முடிந்ததும் அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரையிசை தரங்குறைந்தது என்ற எண்ணமுடையவர். அவரது காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் ஒதுக்கப்பட்டன. 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை இந்திய ரசிகர்களே கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்ப வேண்டியிருந்தது. இந்தியில் அமீன் சயானியின் குரலும், தமிழில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும் கடல் கடந்து ஒலித்தன. இரட்டையர் இணைந்ததும், கேஸ்கர் அமைச்சரானதும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அவர்களது முதல் ஐந்தாண்டுப் பாடல்கள் சொந்த நாட்டு வானொலியில் ஒதுக்கப்பட்டிருந்த வேளையில் இலங்கையிலிருந்து ஒலித்தன. மெல்லிசை மன்னர்களின் புகழில் கொழும்புக்கும் ஒரு பங்குண்டு என்று நாம் உரிமையோடு சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டைச் சும்மா போட்டுவிட்டுப் போகவில்லை. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று முறையாகச் சொன்னார்கள். மயில்வாகனத்துக்குப் பின் வந்த ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் இந்த மரபைப் பேணினர். கொட்டகையில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் எழுத்து. வானொலியிலோ இசையமைப்பாளரின் பெயர் காதுக்குள் விழுந்தது. ஆகவேதான், கையெழுத்துப் போடத் தெரியாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் 'இது விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு' என்று முன்னிசையைக் கேட்டதுமே சொல்ல முடிந்தது.

லயத்தில் எத்தனை றேடியோ?

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையில் தரம் பத்து மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் 'நீங்கள் முதன்முதல் றேடியோ கேட்டது எங்கே?' என்று கேட்டு எழுதி வர வேண்டும். எமது பாடசாலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், கிராமத்து முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். வந்த பதில்கள் என்னை வியக்க வைத்தன. அநேகமாக எவருமே 'எங்கள் வீட்டில்' என்று எழுதவில்லை. கணக்கப்பிள்ளை வீட்டுத் திண்ணையில், கிளாக்கர் ஐயாவின் குவாட்டர்ஸ் வேலியோரத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து கலக்குபவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, பஜாரில் நாநாவின் தேத்தண்ணிக் கடையில் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

காரணம் விளங்கக் கடினமானதன்று. 1950களில் லயங்களுக்கு மின்சாரம் இல்லை. வால்வு றேடியோ விலையுயர்ந்த பெட்டி; பெரிய பற்றரியில் இயங்கும். வைத்திருப்பவர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இவை எட்டாதவை. 1960களில் டிரான்சிஸ்டர் வந்த பின்னரே லயத்துக்குள் றேடியோ நுழைந்தது. அப்போதும் ஒரு லயத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம். றேடியோவை இஸ்தோப்பில் வைத்து முழு லயமும் கேட்டது. பற்றரி தீர்ந்துபோனால் வெயிலில் காய வைத்து மீண்டும் போட்டுப் பார்த்த கதையை மூன்று நான்கு பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அவர்கள் வெவ்வேறு தோட்டத்துப் பிள்ளைகள்.

இதன் விளைவொன்றை நாம் கருத வேண்டும். தனியே இருந்து இசை கேட்கும் பழக்கம் இன்று வந்தது. அன்று எவரும் தனியே கேட்கவில்லை. எவர் வீட்டுத் திண்ணை, எவர் கடை, எவ்வளவு நேரம் நிற்கலாம், உட்காரலாமா என்பவையெல்லாம் பாட்டோடு சேர்ந்திருந்தன. கிளாக்கர் வீட்டு வேலிக்கு வெளியே நின்றவர் பாட்டைக் கேட்கலாம். உள்ளே வர முடியாது. தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கினால் பொங்கும் பூம்புனல் முடியும்வரை வாங்கில் இருக்கலாம். ஒரு மூதாட்டி தன் பேத்தியிடம் சொன்னதாக அப்பிள்ளை எழுதியது இது: 'பாட்டுக் கேக்க நின்னா கொழுந்து நிறை குறையும், நிக்காட்டி மனசு குறையும்.'

பஜார்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களுக்கும் இதில் ஓர் இடமுண்டு. பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடை போன்ற இடங்களில் தோட்ட மக்களும் முஸ்லிம்களும் அன்றாடம் சந்தித்தது கடைகளில். கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே கடன் கொப்பி இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. அதே கடையில் அதே றேடியோவில் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் இஸ்லாமிய கீதமும் மெல்லிசை மன்னர்களின் பாட்டும் மாறி மாறி ஒலித்தன. 'பாவமன்னிப்பு' படத்தில் சிவாஜி கணேசன் ரஹீம் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் நடித்தார். அதில் ரி.எம். சௌந்தரராஜனோடு ஹனீபாவும் இணைந்து பாடிய பெருநாள் பாடல் இரட்டையரின் இசையில் அமைந்தது. சினிமாப் பாட்டு வீட்டுக்குள் ஒலிக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருந்த பெரியவர்கள் அந்தப் பாட்டுக்கு மட்டும் றேடியோவின் சத்தத்தைக் கூட்டச் சொன்னதாக எமது கிராமத்தில் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

இரண்டு பிரிவுகள்

1965இல் இரட்டையர் பிரிந்தனர். 'ஆயிரத்தில் ஒருவன்' அவர்கள் இணைந்து தந்த இறுதிப் பெரும் வெற்றி. அதன் பின் விஸ்வநாதன் தனியே 'கலங்கரை விளக்கம்' (1965) முதற்கொண்டு நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி தனியே 'சாது மிரண்டால்' (1966), 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968), 'தங்கச் சுரங்கம்' (1969) போன்ற படங்களுக்கு இசையமைத்து, சில ஆண்டுகளில் ஒதுங்கிக்கொண்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில் நமது மலைகளில் வேறொரு பிரிவு எழுதப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்று இரு பிரதமர்களும் உடன்பட்டனர். எஞ்சியோரை 1974இல் ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்தனர். யாருக்கு எந்த நாடு என்று மக்களிடம் கேட்கும் முன்பே எண்ணிக்கை தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

தோட்டத்துப் பேச்சில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 'விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிஞ்ச வருசந்தான் எங்க சித்தப்பா குடும்பம் கோச்சி ஏறிச்சு' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இதைத் திருத்தியாக வேண்டும். ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தானாலும் அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல்தான் வந்தது. பெருந்தொகையானோர் சென்றது 1970களில். 1973, 1974 ஆண்டுகளின் பஞ்சமும், தோட்டங்கள் அரசுடைமையானபோது ஏற்பட்ட குழப்பமும் பலரை அவசரப்படுத்தின. ஆகவே அந்தச் சித்தப்பா 1965இல் சென்றிருப்பது அரிது. ஆனால் நினைவு ஏன் இவ்வாறு பிழையாகச் சேர்த்தது என்ற கேள்விக்கும் வரலாற்றில் இடமுண்டு. பிரிந்தவர்கள் கடைசியாக ஒன்றாகக் கேட்டது அந்த இசையை. சேர்ந்திருந்த காலத்துக்கு அடையாளமாக இரட்டையரின் பெயர் மனத்தில் நின்றுவிட்டது.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை புகையிரத நிலையங்களில் ஏறியவர்கள் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தனர். அந்த வண்டியை 'அழுகைக் கோச்சி' என்றார்கள். போனவர்களிற் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேற்றப்பட்டனர். அங்கும் அவர்கள் முள்ளைத் திருப்பியது கொழும்புக்குத்தான். தமிழகத்தில் இலங்கை வானொலிக்கு இருந்த வரவேற்பு யாவரும் அறிந்தது. நேயர் விருப்பத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் தமிழகத்திலிருந்து அஞ்சலட்டைகள் குவிந்தன. கடிதம் போய்ச் சேர வாரக் கணக்காகும், தொலைபேசி இல்லை. அந்நிலையில் இங்கிருந்தும் அங்கிருந்தும் அஞ்சலட்டை போட்டு, அறிவிப்பாளரின் வாயால் உறவினர் பெயரைக் கேட்டு, 'இருக்கிறார்கள்' என்று அறிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. எனது மாணவர் இருவரின் கட்டுரைகளில் இச்செய்தி இருந்தது. பட்டியலில் பத்துப் பதினைந்து பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பார். வேறு எவருக்கும் அது வெறும் பெயர் வரிசை. ஒரு லயத்துக்கு மட்டும் அது கடிதம்.

சென்னையில் பிறந்த பாட்டு கொழும்பில் ஏறி, ஊவாவுக்கும் நீலகிரிக்கும் ஒரே வேளையில் போய்ச் சேர்ந்தது. இரு அரசாங்கங்கள் பிரித்தவர்களை மூன்று நிமிட நேரம் ஓர் இசைத்தட்டு ஒன்றாக இருத்தியது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த மூன்று நிமிடம் எவருக்கும் குடியுரிமை கொடுக்கவில்லை, எவரையும் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. இந்திய வம்சாவளி மக்களின் பிரஜாவுரிமைச் சிக்கலுக்குச் சட்டத்தில் முடிவு காண 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது.

ரசிகர் தீர்ப்பு

இரட்டையர் பிரிந்ததும் ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தனர். மெட்டு விஸ்வநாதனுடையது, ஆகவே அவரே இசை என்றது ஒரு கட்சி. அவரது வெற்றிகள் தொடர்ந்தது அக்கட்சிக்கு வலுச் சேர்த்தது. 1965க்குப் பின் வந்த பாடல்களில் வயலின்களின் கனம் குறைந்தது, அது ராமமூர்த்தியின் கை என்றது மறு கட்சி. மரபிசையின் இலக்கணம் ராமமூர்த்தியிடமும், மெட்டுப் பிறக்கும் ஊற்று விஸ்வநாதனிடமும் இருந்தன என்று சமரசம் பேசியது மூன்றாம் கட்சி. இந்த வாதம் திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியிலும் சலூன் கடையிலும் நடந்தது. இன்று அது கைத்தொலைபேசிக்கு வந்திருக்கிறது. இருவரும் 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் இணைந்தார்கள். 2012 ஓகஸ்டில் அன்றைய தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமளித்துக் கௌரவித்தார். 2013 ஏப்ரலில் ராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விஸ்வநாதனும் மறைந்தனர். இருவருக்கும் பத்ம விருது எதுவும் கிடைக்கவில்லை என்ற குறை ரசிகர்களுக்கு இன்றும் தீரவில்லை. அந்தக் குறையில் மட்டும் மூன்று கட்சிகளும் ஒன்று.

என் தலைமுறைக்கு வானொலியோடு ஒலிநாடாவும் ரூபவாஹினியும் சேர்ந்தே வந்தன. எனவே இந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். அந்தப் பாடல்களில் ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்ற உதவியாளர்களின் உழைப்பும், பெயர் தெரியாத பல வாத்தியக்காரர்களின் மூச்சும் விரலும் இருக்கின்றன. கண்ணதாசனின் சொல் இருக்கிறது. சௌந்தரராஜன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ், எல்.ஆர். ஈஸ்வரி குரல்கள் இருக்கின்றன. ஒரு பாட்டை இரண்டாகப் பங்கிட முனைவோர் அது இருவரால் மட்டும் ஆனதன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு பெயர்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை ஒருவர் விளைவித்தார் என்று சொன்னால் நமது தோட்டத்தில் எவரும் ஏற்கமாட்டார்கள்.

எஞ்சியிருப்பது என்ன?

இரட்டையரைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் நினைவஞ்சலிகளையும் நான் கிடைத்தபோதெல்லாம் பார்த்து வருகிறேன். நடிகர்கள் பேசுகிறார்கள், பாடகர்கள் பேசுகிறார்கள், இயக்குநர்கள் பேசுகிறார்கள். நான் பார்த்தவற்றில் ஊவாவின் தேத்தண்ணிக் கடை இல்லை. லயத்து இஸ்தோப்பு இல்லை. இலங்கை வானொலியே சில வினாடிகளில் வந்து போகிறது. இதற்குச் சென்னைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மிடம் என்ன மூலம் இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்?

இருந்தவற்றைப் பல விதமாக இழந்தோம். அழுகைக் கோச்சியில் ஏறியவர்கள் பெட்டிக்குள் பாத்திரம் பண்டங்களை வைத்தார்களே தவிரப் பாட்டுப் புத்தகங்களை வைக்கவில்லை. 1983 ஜூலை வன்செயலில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. கடைகளோடு எரிந்த றேடியோக்களையும் இசைத்தட்டுகளையும் பற்றி எவரும் கணக்கெடுக்கவில்லை. உயிர்கள் போன இடத்தில் இசைத்தட்டைப் பற்றி யார் கேட்பார்? தப்பியவற்றை ஈரமும் கறையானும் தின்றன. லயக் கூரை ஒழுகினால் முதலில் நனைவது பெட்டிக்குக் கீழே வைத்த காகிதம்தான்.

எனினும் முற்றாக அழியவில்லை. மேற்சொன்ன செயற்றிட்டத்தின்போது ஒரு மாணவி தன் பாட்டியின் கொப்பி ஒன்றைக் கொண்டு வந்தாள். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி; மேலுறை இல்லை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்த அப்பெண்மணி, றேடியோவில் கேட்ட பாடல்களை அதில் எழுதியிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே படம், பாடியவர், இசை என்று அறிவிப்பாளர் சொன்ன ஒழுங்கிலேயே குறித்திருந்தார். எழுத்துப் பிழைகள் நிறைய. சில வரிகளின் நடுவே புள்ளி புள்ளியாக இடம் விட்டிருந்தது. றேடியோ கரகரத்ததால் கேளாமற்போன சொற்கள் அவை. பல இடங்களில் அந்தப் புள்ளிகளின் மேல் வேறு நிற மையால் சொல் எழுதப்பட்டிருந்தது. அதே பாட்டு மறுபடி ஒலிபரப்பாகும்வரை காத்திருந்து நிரப்பியிருக்கிறார். நிரம்பாத புள்ளிகளும் இருந்தன.

வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிடச் சிறந்த மூலம் வேறென்ன வேண்டும்? எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது, அலைவரிசை எவ்வளவு தெளிவாகக் கிடைத்தது, ஐந்தாம் வகுப்புக் கல்வி ஒரு பெண்ணுக்கு எதற்கெல்லாம் பயன்பட்டது என்ற செய்திகள் அனைத்தும் அந்த நாற்பது பக்கத்தில் இருக்கின்றன. மாணவியின் வீட்டாரின் சம்மதத்தோடு ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துப் பாடசாலைக் கணினியில் வைத்திருக்கிறோம். கொப்பி உரியவரிடமே திரும்பிப் போயிற்று.

இந்த இதழை வாசிப்போரில் ஆசிரியர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் பணிபுரிவோர் தமது பாடசாலைகளில் இத்தகைய செயற்றிட்டமொன்றைச் செய்து பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவில்லை. பிள்ளைகளை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அனுப்ப வேண்டும். றேடியோ எங்கே கேட்டார்கள், யாரோடு கேட்டார்கள், யார் பெயரில் அஞ்சலட்டை போட்டார்கள், எப்போது கேட்காமல் விட்டார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். பாட்டுக் கொப்பி, பாட்டுப் புத்தகம், உரிமப் பற்றுச்சீட்டு, பழுதான றேடியோ என எது கிடைத்தாலும் படம் பிடித்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். 1960களில் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். எமது மாணவர்கள் பேசிய மூத்தவர்களில் மூவர் அதற்குப் பின் காலமாகிவிட்டனர். அந்தக் கொப்பிக்குரிய பாட்டி இருக்கிறார். நிரம்பாத இடங்களில் இன்ன சொல்தான் வரும் என்று பேத்தி இப்போது கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்கிறாளாம். ஆனால் கொப்பியில் எழுத விடமாட்டேன் என்கிறாராம் பாட்டி.